எலும்பில் தங்கிய ஈயம், முதுமையில் ஏறும் ரத்த அழுத்தம்: உலோகங்கள் குறித்த ஆய்வுகள் சொல்வது என்ன?

முதியவர்களின் ரத்த அழுத்தத்துக்கும் சுற்றுச்சூழலில் உள்ள உலோகங்களுக்கும் தொடர்பு இருப்பதாக அடிக்கடி செய்திகள் வருகின்றன. ஒரு செய்தி ஈயம் என்கிறது. அடுத்தது காட்மியம் என்கிறது. இன்னொன்று பத்துப் பன்னிரண்டு உலோகங்களை வரிசையாகச் சொல்லி, எல்லாம் சேர்ந்துதான் காரணம் என்கிறது. இடையில் தொடர்பே தெரியவில்லை என்று ஓர் ஆய்வும் வந்துவிடுகிறது. மாத்திரை போட்டும் பெரியவருக்கு பிரஷர் கட்டுக்குள் வராத வீடுகளில் இதையெல்லாம் படிக்கும் பிள்ளைகள், ரத்தத்தில் உலோகம் எவ்வளவு என்று பார்த்துவிடலாமா என யோசிக்கிறார்கள்.

முதியவர்களைப் பொறுத்தவரை, இன்று அவர்களைச் சுற்றி என்ன உலோகம் இருக்கிறது என்ற கேள்வி பாதிக் கேள்விதான். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு உடலுக்குள் போனது இன்று என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதி விடுபட்டுப் போவதால்தான் பரிசோதனை முடிவுகள் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. உலோகத்தை வெளியேற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குப் பணமும் உடல்நலமும் பறிபோகின்றன.

## வயது ஏறும்போது அழுத்தம் ஏன் ஏறுகிறது

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனிச் சுவரில் விழும் அழுத்தம் சிஸ்டாலிக். இதயம் விரியும்போது இருப்பது டயஸ்டாலிக். 140/90 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தொடர்ந்து இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. அமெரிக்க இதயநல அமைப்புகள் 2017-இல் அந்த எல்லையை 130/80 ஆகக் குறைத்தன. ஓர் ஆய்வில் இத்தனை சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்று படிக்கும்போது எந்த எல்லையை வைத்து எண்ணினார்கள் என்று பார்ப்பது நல்லது.

இளம் வயதில் பெருந்தமனி ரப்பர்போல விரிந்து கொடுக்கும். வயதாக ஆக அந்த நெகிழ்வு குறைந்து சுவர் விறைக்கிறது. அதனால் முதியவர்களுக்கு மேல் எண் மட்டும் உயர்ந்து, கீழ் எண் இயல்பாகவோ தாழ்ந்தோ இருப்பது சாதாரணம். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனும் வயதோடு குறைகிறது. உப்பை வெளியேற்றும் வேலை தாமதமானால் அழுத்தம் ஏறும்.

தமனிச் சுவர், சிறுநீரகம் ஆகிய இந்த இரண்டு இடங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பேசப்போகும் உலோகங்கள் பெரும்பாலும் கைவைப்பது இங்கேதான்.

## எந்த உலோகங்களைப் பற்றிப் பேசுகிறோம்

இரும்பு, துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு போன்றவை உடலுக்குத் தேவை. அளவு மிஞ்சினால்தான் தொல்லை. ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவற்றால் உடலுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆர்சனிக்கும் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் வைக்கப்படுகிறது. வேதியியல்படி அது முழு உலோகம் ஆகாவிட்டாலும், நச்சு என்ற வகையில் அவற்றோடு சேர்த்தே ஆராயப்படுகிறது. அமெரிக்க இதய சங்கம் 2023-இல் வெளியிட்ட அறிவியல் அறிக்கை ஈயம், காட்மியம், ஆர்சனிக் மூன்றையும் இதய, ரத்தநாள நோய்களுக்கான ஆபத்துக் காரணிகளாகக் குறிப்பிட்டது.

இங்கே இரண்டு சொற்களை விளக்கியாக வேண்டும். உடலில் ஒரு பொருள் மொத்தம் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பது உடற்சுமை. தேங்கியதில் பாதி வெளியேற ஆகும் காலம் அரை ஆயுள். ஒவ்வொரு உலோகமும் முதியவரை எப்படிப் பாதிக்கிறது என்பதை இந்த அரை ஆயுள்தான் பெருமளவு தீர்மானிக்கிறது. ஆர்சனிக்கின் பெரும்பகுதி சில நாட்களில் சிறுநீரில் போய்விடும். மீன் வழியாக வரும் மெத்தில் பாதரசத்துக்குச் சுமார் இரண்டு மாதம். காட்மியம் சிறுநீரகத்தில் 10 முதல் 30 ஆண்டு தங்கும். ஈயத்துக்கு ஒரே உடலில் இரண்டு கணக்கு: ரத்தத்தில் ஒரு மாதத்துக்குச் சற்று மேல், எலும்பில் பத்தாண்டுகள் கணக்கில்.

## ஈயம்: ரத்தத்தில் குறைந்தாலும் எலும்பில் இருக்கிறது

நான்கில் ஈயத்துக்குத்தான் ஆதாரம் மிக வலுவானது. அதனால் இதை விரிவாகவே பார்ப்போம்.

வேதியியல் நடத்தையில் ஈயம் கால்சியத்தை ஒத்தது. கால்சியம் போகும் பாதையில் ஈயமும் போய், எலும்பின் கனிமப் பகுதிக்குள் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு பெரியவரின் உடலில் உள்ள மொத்த ஈயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் எலும்பில்தான் இருக்கிறது. இன்று அறுபது எழுபது வயதைக் கடந்தவர்களின் குழந்தைப் பருவமும் இளமையும் கழிந்தது ஈயம் கலந்த பெட்ரோல் உலகெங்கும் ஓடிய காலத்தில். 1920-களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அந்தப் பெட்ரோல், கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல்தான் நிறுத்தப்பட்டது. ஈயம் கலந்த பெயின்ட், ஈயக் குழாய், ஈயப் பற்றவைப்பு, அச்சுக்கோப்பு, பேட்டரி வேலை என்று பிற வழிகளும் அந்தத் தலைமுறைக்கு அதிகம் இருந்தன.

எலும்பு ஒருமுறை கட்டிமுடித்து அப்படியே விடப்பட்ட பொருளல்ல. உடல் அதைத் தொடர்ந்து கரைத்துப் புதிதாகக் கட்டுகிறது. கரையும் ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் கால்சியத்தோடு ஈயமும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. புதிய ஈயம் அதிகம் வராத பெரியவர்களின் ரத்தத்தில் காணப்படும் ஈயத்தில் ஏறக்குறைய 40 முதல் 70 சதவீதம் அவர்களுடைய எலும்பிலிருந்தே வருவதாக, ஈயத்தின் ஐசோடோப்புகளை (எடையில் சற்றே வேறுபடும் அணு வகைகளை) ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளியே காற்றும் நீரும் சுத்தமான பிறகும் உள்ளே ஊற்று நிற்பதில்லை.

எலும்பு கட்டுவதைவிடக் கரைவது வேகமாக நடக்கும் காலங்கள்தான் கவலைக்குரியவை. மாதவிடாய் நின்ற பின் வரும் ஆண்டுகள், எலும்புப்புரை நோய், எலும்பு முறிந்து நெடுநாள் படுக்கையில் கிடப்பது, தைராய்டு மிகையாகச் சுரப்பது ஆகியவை அப்படிப்பட்டவை. 1988 முதல் 1994 வரை நடந்த அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் பங்கேற்ற பெண்களின் தரவை ஆராய்ந்து 2003-இல் வெளியான கட்டுரை, ரத்த ஈயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்குமான தொடர்பு மாதவிடாய் நின்ற பெண்களிடம் கூடுதல் தெளிவாகத் தெரிவதைக் காட்டியது. மாதவிடாய் நின்ற பின் அழுத்தம் ஏறுவதற்கு ஹார்மோன் மாற்றம் மட்டுமே காரணம் என்று விட்டுவிட முடியாது என்பதற்கு இது ஒரு சான்று.

எலும்பில் உள்ள ஈயத்தை உயிரோடு இருக்கும் ஒருவரிடம் எப்படி அளப்பது? பாஸ்டன் நகரில் 1963-இல் ராணுவப் பணி முடித்த ஆண்களை வைத்துத் தொடங்கிய ஒரு நெடுங்கால முதுமை ஆய்வு, பிற்காலத்தில் இதைச் செய்து காட்டியது. பங்கேற்பவர் காலை அசைக்காமல் சுமார் அரை மணி நேரம் உட்கார வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தோலை ஒட்டியிருக்கும் தடித்த எலும்பின் அருகே ஒரு கதிர்மூலம் வைக்கப்படும். அதன் கதிர் பட்டதும் எலும்பில் உள்ள ஈய அணுக்கள் தமக்கே உரிய ஆற்றலுள்ள எக்ஸ்-கதிரை வெளியிடும். கருவி அதை எண்ணும். அதேபோல முழங்கால் சில்லிலும் அளப்பார்கள். தடித்த எலும்பு நெடுங்காலச் சேமிப்பைக் காட்டும். பஞ்சுபோன்ற உள்ளமைப்பு கொண்ட சில்லு, வேகமாகக் கரைந்து ரத்தத்துக்குத் திரும்பக்கூடிய ஈயத்தைக் காட்டும்.

அந்த ஆய்வின் 1996-ஆம் ஆண்டு முடிவு இந்தத் துறையின் போக்கையே மாற்றியது என்பது என் கருத்து. வயது, உடல் எடை, குடும்ப வரலாறு, புகை, மது, உப்பு, ரத்த ஈயம், எலும்பு ஈயம் என எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து, உயர் ரத்த அழுத்தத்தோடு கடைசிவரை பொருந்தி நிற்பவை எவை என்று பார்த்தார்கள். உடல் எடையும் குடும்ப வரலாறும் நின்றன. மூன்றாவதாக நின்றது கால் எலும்பின் ஈயம். ரத்த ஈயம் நிற்கவில்லை. அதே குழுவைத் தொடர்ந்து கவனித்தபோது, எலும்பு ஈயம் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் புதிதாக உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது.

## ஈயம் அழுத்தத்தை உயர்த்தும் வழிகள்

விலங்குகளிலும் செல் அளவிலும் நடந்த ஆய்வுகள் சில பாதைகளைத் தெளிவாக்கியுள்ளன.

1. ரத்தநாளத்தின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்துதான் நாளத்தைத் தளர்த்துகிறது. ஈயம் தூண்டும் ஆக்சிஜனேற்ற நெருக்கடி அந்த வாயுவைச் செயலிழக்கச் செய்கிறது. நாளம் இறுகியே இருக்கிறது.

2. நாளச் சுவரின் தசை சுருங்குவதும் தளர்வதும் கால்சியத்தின் போக்குவரத்தைப் பொறுத்தது. கால்சியத்தின் வேடத்தில் நுழையும் ஈயம் அதைக் குலைக்கிறது.

3. உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும் ரெனின்-ஆஞ்சியோடென்சின் அமைப்பை ஈயம் முடுக்கிவிடுகிறது. முதியவர்களுக்குப் பரவலாகத் தரப்படும் பல பிரஷர் மாத்திரைகள் கட்டுப்படுத்துவது இதே அமைப்பைத்தான்.

4. சிறுநீரக நுண்குழாய்கள் மெல்லப் பழுதாகின்றன. சிறுநீரகம் தளர்ந்தால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் சிறுநீரகத்தை மேலும் தளர்த்தும்.

மனிதர்களிடம் கிடைத்த ஆதாரத்தையும் இவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான், ஈயத்துக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் இடையே இருப்பது காரண-விளைவு உறவு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013-இல் முடிவுக்கு வந்தது. வெறும் தொடர்பு என்பதைக் கடந்த வாசகம் அது.

## காட்மியம், ஆர்சனிக், பாதரசம்

காட்மியம் உடலுக்குள் வரும் முக்கிய வழி புகையிலை. புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். புகைப்பவர்களின் ரத்தத்தில் புகைக்காதவர்களைவிட நான்கைந்து மடங்கு காட்மியம் இருப்பது வழக்கம். புகைக்காதவர்களுக்குப் பெரும்பகுதி உணவு வழியாக, மண்ணில் விளையும் தானியம், கீரை, கிழங்குகளிலிருந்து வருகிறது. உடலில் இரும்புச் சத்து குறைந்தவர்களின் குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். பெண்களிடம் காட்மியம் சற்று அதிகமாகக் காணப்படுவதற்கு இது முக்கியக் காரணம். சிறுநீரகத்தில் இது செய்யும் சேதம் ஐயத்துக்கு இடமில்லாதது. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவால் வந்த இத்தாய்-இத்தாய் நோய் அதற்குச் சாட்சி. சிறுநீரகம் பழுதாகி எலும்புகள் மென்மையாகி முறிந்த அந்த நோயில் மிக அதிகம் துன்பப்பட்டவர்கள் வயதான பெண்கள். ரத்த அழுத்தம் என்று வரும்போது மட்டும் ஆதாரம் கலவையாக இருக்கிறது. ரத்தக் காட்மியத்தோடு தொடர்பு காட்டிய ஆய்வுகள் உண்டு. சிறுநீர்க் காட்மியத்தோடு அது பல ஆய்வுகளில் தெரிவதில்லை.

ஆர்சனிக் பெரும்பாலும் நிலத்தடி நீர் வழியாக வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. தைவானின் தென்மேற்குக் கடலோரக் கிராமங்களில், பல ஆண்டுகளில் குடித்த மொத்த ஆர்சனிக் கூடக்கூட உயர் ரத்த அழுத்தமும் கூடுவதை 1995-இல் வெளியான ஆய்வு காட்டியது. வங்கதேசத்தில் அராய்ஹசார் பகுதியில் 2000-இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஆர்சனிக் மிகுந்த நீரைக் குடித்தவர்களின் சிஸ்டாலிக் அழுத்தம் ஆண்டுக்குச் சுமார் அரை மில்லிமீட்டர் கூடுதல் வேகத்தில் ஏறியது. அரை மில்லிமீட்டர் என்பது ஒன்றுமில்லை என்று தோன்றும். இருபது ஆண்டு அதே நீரைக் குடித்தால் என்னவாகும் என்று பெருக்கிப் பார்த்தால் தோன்றாது.

பாதரசத்தின் நிலை தெளிவில்லை. அது வரும் முக்கிய உணவு மீன். இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பும் அதே மீனில் இருக்கிறது. ஒன்றின் கெடுதியை மற்றதன் நன்மை மறைத்துவிடுவதால் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

## எவ்வளவு உயர்கிறது? எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

58,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்து 2002-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, ரத்த ஈயம் இரட்டிப்பாகும்போது சிஸ்டாலிக் அழுத்தம் சராசரியாக 1 மில்லிமீட்டரும் டயஸ்டாலிக் 0.6 மில்லிமீட்டரும் உயர்கிறது. ஒப்பிட வேண்டுமானால், தினசரி உப்பை நான்கு கிராம் அளவுக்குக் குறைத்தால் சிஸ்டாலிக் சராசரியாக நான்கு மில்லிமீட்டர் இறங்குகிறது. ஆக, ஒரு தனி மனிதரின் 170 என்ற எண்ணுக்கு ஈயம்தான் காரணம் என்று சொல்வது பெரும்பாலும் பொருந்தாது.

ஆனால் மக்கள்தொகை அளவில் கணக்கு மாறுகிறது. அமெரிக்காவில் 1970-களின் பிற்பகுதியில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 12.8 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அது 2.8 ஆகக் குறைந்தது. இரண்டு முறை பாதியாகி, அதற்கும் சற்றுக் கீழே இறங்கிய அளவு இது. மேலே சொன்ன விகிதத்தைத் தோராயமாகப் பொருத்தினால் சிஸ்டாலிக் அழுத்தத்தில் 2 மில்லிமீட்டர். சுமார் பத்து லட்சம் பேரின் தரவைத் திரட்டி அதே 2002-இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வின்படி, நடுத்தர வயதில் சிஸ்டாலிக் 2 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் பக்கவாத இறப்பு ஏறக்குறைய 10 சதவீதமும் இதயத் தமனி நோய் இறப்பு 7 சதவீதமும் குறைவாக இருக்கும். யாருடைய மருத்துவமனைச் சீட்டிலும் "ஈயம்" என்று எழுதப்பட்டிருக்காது. எந்த மருத்துவரும் ஒரு நோயாளியைக் காட்டி இவர் ஈயத்தால் பாதிக்கப்பட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதற்கு விலை கொடுத்திருக்கின்றன. ஈயப் பெட்ரோலைத் தடை செய்யப் பல பத்தாண்டுகள் தயங்கியதை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. சிறிய பிஸ்டன் விமானங்களின் எரிபொருளில் ஈயம் இன்னமும் கலக்கப்படுகிறது.

## ஆய்வுகள் ஏன் முரண்படுகின்றன

முதியவர்களை வைத்து நடக்கும் உலோக ஆய்வுகளுக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. செய்தியைப் படிக்கும்போது இவற்றைத் தேடிப் பாருங்கள்.

1. எது முந்தியது? ஒரே நாளில் ரத்தம் எடுத்து, அதே நாளில் அழுத்தமும் பார்க்கும் ஆய்வுகளே அதிகம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அழுத்தம் கூடும். ஈயம் வெளியேறுவதும் குறையும். அப்போது உலோகம் அழுத்தத்தை உயர்த்தியதா, தளர்ந்த சிறுநீரகம் இரண்டையும் உயர்த்தியதா என்று அந்த ஒரு நாள் தரவு சொல்லாது. ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளுக்குக் கூடுதல் மதிப்பு தர வேண்டியது இதனால்தான்.

2. சிறுநீரில் கிரியாட்டினின் கணக்கு. ஒருவர் அதிகம் தண்ணீர் குடித்திருந்தால் சிறுநீர் நீர்த்துவிடும். உலோக அளவு குறைவாகத் தெரியும். அதைச் சரிசெய்ய, உலோகத்தின் அளவைச் சிறுநீரில் உள்ள கிரியாட்டினின் அளவால் வகுப்பார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. எண்பது வயதில் தசை மெலிந்தவருக்கு அது இயல்பாகவே குறைவு. வகுக்கும் எண் சிறிதானால் விடை பெரிதாகும். உலோகம் கூடாமலேயே கூடியதுபோலத் தெரியும். முதியவர்களையும் நடுத்தர வயதினரையும் ஒப்பிடும் ஆய்வு இதைக் கவனித்ததா என்று பார்ப்பது மிக முக்கியம்.

3. புகை. காட்மியம் கூடுதலாக உள்ளவர் பெரும்பாலும் புகைத்தவர். புகை தானாகவே தமனியைக் கெடுக்கும். ஒருபோதும் புகைக்காதவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்த பின்பும் தொடர்பு இருந்தால்தான் அதைக் காட்மியத்தின் கணக்கில் எழுதலாம்.

4. கடலுணவு. மீன், இறாலில் உள்ள ஆர்சனிக் பெரும்பாலும் தீங்கற்ற கரிம வடிவம். மொத்த ஆர்சனிக்கை மட்டும் அளந்தால், முந்தைய நாள் கடலுணவு சாப்பிட்டவர் நச்சு ஏறியவர்போலத் தெரிவார்.

5. உயிர் பிழைத்தவர்கள் மட்டுமே ஆய்வுக்கு வருகிறார்கள். மிக அதிகம் பாதிக்கப்பட்டவர்களில் பலர் எழுபது வயதை எட்டியிருக்கவே மாட்டார்கள். எட்டியவர்களை மட்டும் பார்த்தால் பாதிப்பு குறைவாகத் தெரியும்.

அண்மைக் காலத்தில் பல உலோகங்களை ஒன்றாக வைத்துப் புள்ளியியல் மாதிரிகளால் ஆராயும் போக்கு வளர்ந்திருக்கிறது. மனிதர் யாரும் ஒரே ஓர் உலோகத்தோடு வாழ்வதில்லை என்பதால் இது சரியான திசை. ஆனால் ஒரே நாளில் எடுத்த ரத்தத்தில் எத்தனை உலோகங்களை அளந்தாலும் மேலே சொன்ன முதல் சிக்கல் தீராது. பன்னிரண்டு உலோகங்களில் ஒன்றோ இரண்டோ தற்செயலாகவே பொருந்திவிடும் வாய்ப்பும் இருக்கிறது.

## ரத்தப் பரிசோதனையும் 'உலோக நீக்கமும்'

ரத்த ஈயப் பரிசோதனை கடந்த சில வாரங்களில் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்லும். பேட்டரி, பெயின்ட், உலோக உருக்கு வேலையில் இப்போதும் இருப்பவர், பழைய வீட்டைச் சுரண்டிப் புதுப்பித்துக்கொண்டிருப்பவர், உலோகம் சேர்ந்த மருந்துகளை உண்பவர் ஆகியோருக்கு அது பயனுள்ள பரிசோதனை. வேலையை விட்டு இருபது ஆண்டு ஆனவரின் முடிவு 'இயல்பு' என்று வரலாம். அதனால் எலும்பில் ஒன்றும் இல்லை என்று ஆகாது. எலும்பில் உள்ள ஈயத்தை அளக்கும் கருவி ஆய்வு மையங்களுக்கு வெளியே கிடைப்பதில்லை.

உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தை முதலில் கொடுத்து, பிறகு சிறுநீரில் உலோகம் பார்க்கும் ஒரு பரிசோதனை உண்டு. அந்த மருந்து கொடுத்தால் யாருடைய சிறுநீரிலும் உலோகம் கூடும். அப்படிக் கூடிய எண்ணை, மருந்து கொடுக்காதவர்களின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயமுறுத்துவது அறிவியல் ஆகாது. இந்த முறைக்கு அறிவியல் அடிப்படை நிறுவப்படவில்லை என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

அடுத்தது கீலேஷன் சிகிச்சை. இ.டி.டி.ஏ. என்ற மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றி உலோகத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவது இது. கடுமையான ஈய நச்சுக்கு இது உயிர்காக்கும் மருந்து. மாரடைப்பு வந்து மீண்ட 1,708 பேரிடம் செய்த சோதனை 2013-இல் வெளியானபோது இதய நிகழ்வுகள் 18 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தது. நீரிழிவு இருந்தவர்களிடம் பலன் இன்னும் அதிகமாகத் தோன்றியது. அதனால் நீரிழிவும் முன்பே மாரடைப்பும் வந்தவர்களை மட்டும் வைத்து மறுபடி சோதித்தார்கள். அதன் முடிவு 2024-இல் வந்தது. ரத்த ஈயம் சுமார் 61 சதவீதம் குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு எதுவும் குறையவில்லை. ரத்தத்தில் உள்ள எண்ணை இறக்குவதும், ஐம்பது ஆண்டுகளில் தமனியில் ஏற்பட்ட சேதத்தைத் திருப்புவதும் வேறு வேறு வேலைகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. உயர் ரத்த அழுத்தத்துக்கு மருத்துவமாக இதை எடுத்துக்கொள்ள இப்போது எந்த அடிப்படையும் இல்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இ.டி.டி.ஏ. மருந்தில் கால்சியம் சேர்ந்தது, சேராதது என இரண்டு வகைகள் இருக்கின்றன. பெயர்கள் மிக நெருக்கமானவை. ஈய நச்சுக்குத் தர வேண்டியது கால்சியம் சேர்ந்த வகை. மற்றது ரத்தத்தில் உள்ள கால்சியத்தையே பிடித்து இழுத்து இதயத்தை நிறுத்திவிடும். 2003-க்கும் 2005-க்கும் இடையே அமெரிக்காவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

## முதியவர் உள்ள வீட்டில் என்ன செய்யலாம்

முதல் வேலை, அழுத்தத்தையே கட்டுக்குள் வைப்பது. காரணம் ஈயமாக இருந்தாலும் உப்பாக இருந்தாலும் மாத்திரை, உப்புக் குறைப்பு, நடை, எடைக் கட்டுப்பாடு ஆகியவை வேலை செய்யும். உலோகத்தைத் தேடும் ஆர்வத்தில் மாத்திரையை நிறுத்துவதுதான் நடக்கக்கூடியதிலேயே பெரிய தவறு.

மருத்துவரிடம் பழைய வேலையைச் சொல்லுங்கள். ஓய்வு பெற்றவரிடம் அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அச்சகம், பேட்டரி, வெல்டிங், பெயின்ட், வாகனப் பழுது, உருக்காலை, துப்பாக்கிப் பயிற்சிக்களம் போன்ற இடங்களில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பது இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடியது. அப்படிப்பட்டவருக்குச் சிறுநீரகச் செயல்பாட்டை ஆண்டுதோறும் பார்ப்பது பொருள் உள்ளது.

எலும்பைக் காப்பது இங்கே இரட்டைப் பயன் தரக்கூடும். போதிய கால்சியமும் வைட்டமின் டி-யும், உடல் எடையைக் காலில் தாங்கிச் செய்யும் பயிற்சியும் எலும்பு கரைவதை மெதுவாக்கும். தேவைப்பட்டால் எலும்புப்புரைக்கான மருந்தும் உண்டு. கரைவது குறைந்தால் ஈயம் வெளிவருவதும் குறையும். இதனால் ரத்த அழுத்தம் இறங்கும் என்று சோதனைகள் இன்னும் நிறுவவில்லை. முறிவைத் தடுப்பதற்காகவே இவற்றைச் செய்யலாம்.

புகையை எந்த வயதில் விட்டாலும் புகை வழியாக வரும் காட்மியத்தின் வரத்து அன்றே நிற்கும். குடிநீரைப் பொறுத்தவரை, கொதிக்கவைப்பது கிருமிக்குத்தான் மருந்து. ஈயமும் ஆர்சனிக்கும் ஆவியாகாது. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடவே செய்யும். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் ஒருமுறையாவது ஆர்சனிக் பரிசோதனை செய்ய வேண்டும். ஈயக் குழாய் இருக்கக்கூடிய பழைய கட்டடங்களில், இரவெல்லாம் தேங்கிய நீரைக் காலையில் சற்று நேரம் ஓடவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். சூடான குழாய்நீரைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. பழைய பெயின்ட்டைக் காய்ந்த நிலையில் உரசித் தூசி கிளப்பக் கூடாது.

இப்படித் தேடும்போது வீட்டில் ஈயத்தின் ஊற்று ஒன்று உண்மையாகவே கண்டுபிடிக்கப்பட்டால், முதலில் ரத்தம் பார்க்க வேண்டியது அந்த வீட்டுக் குழந்தைக்குத்தான். குழந்தையின் குடல் ஈயத்தைப் பெரியவரைவிடப் பல மடங்கு உறிஞ்சும். மூளைக்குப் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை. பெரியவரிடம் பாதியை மட்டும் சொல்லும் அந்த ரத்தப் பரிசோதனை, குழந்தையிடம் இப்போது நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும். ஊற்றை அடைக்க அப்போது இன்னும் நேரம் இருக்கும்.